மூங்கில் வாங்கும் முன்: பாக் விரிகுடாவில் பாசி வளர்க்க வருகிறவர்களுக்கு

கடல்பாசி வளர்க்கும் மிதவை கட்ட எங்கள் குழு முதல் தடவை மூங்கில் இறக்கியது ஒரு புரட்டாசி மாதம். லாரி வந்து நின்றதும் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். ஐப்பசி கடைசியில் வாடைக் காற்று பிடித்தது. ஒரே ராத்திரியில் 38 மிதவை கரையேறி, கருவேலங்காட்டு ஓரத்தில் குப்பைபோல் கிடந்தது. மானியம் கேட்டுப் போனால், "மானிய உத்தரவுக்கு முந்தின தேதியில பில் இருக்கே, இதுக்கு எப்படிம்மா கொடுக்க முடியும்?" என்றார்கள். கேட்டதில் தப்பில்லை. முன்கூட்டியே சொல்ல எங்களுக்குத்தான் ஆள் இல்லை.

இது நாலாவது வருஷம். மண்டபத்துக்கு வடக்கே, வடகடல் என்று நாங்கள் சொல்லும் பாக் விரிகுடாக் கரையில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து செய்கிறோம். புதிதாக வருகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான் சொல்வது கப்பாஃபைகஸ் என்ற கடல்பாசி. 2000-க்குப் பிறகு பெப்சி கம்பெனி இங்கே இதை வளர்க்க வைத்ததால் எங்கள் பக்கம் இன்னும் 'பெப்சி பாசி' என்றுதான் பெயர். இதிலிருந்து எடுக்கும் கேராஜீனன் என்ற கூழ்ப்பொருள் ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை போகிறது. தீவனம் வேண்டாம், உரம் வேண்டாம், நல்ல தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். வேண்டியது ஒழுங்கான இடமும் முன்கூட்டிய காகிதமும்.

1. எந்தக் கடல் என்று முதலில் முடிவாகட்டும்

தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, வேண்டாம். அங்கே 21 தீவுகளைச் சுற்றி தேசியப் பூங்கா இருக்கிறது. இந்தப் பாசி நம் ஊர்ப் பாசி இல்லை, பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து வந்தது. பவளப் பாறைமேல் ஒட்டிவிட்டால் மூடிவிடும். குருசடைத் தீவுப் பக்கம் அப்படி நடந்தது. 2005-இல் வந்த தமிழக அரசாணை, பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடாவிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் இதை வளர்க்கலாம் என்கிறது. "என் மாமா அங்கே போட்டிருக்கார், ஒண்ணும் ஆகலை" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். விதையைத் தெற்கே கொண்டுபோகவும் கூடாது.

தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்காரர்களுக்கு இன்னொன்று. 2022-இல் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா (கடல்பசு) காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே முதலில் வனத்துறையில் கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

வடகடலைப் பெண் கடல் என்பார்கள், அவ்வளவு அமைதி. ஆனாலும் எல்லா இடமும் ஆகாது. நீர் வற்றும் நேரத்தில் இறங்கி நடந்து பாருங்கள். அப்போதும் இடுப்பளவு தண்ணீர் நிற்க வேண்டும். அடியில் மணல் இருக்கட்டும். கடல்தாழை (கடல்புல்) படர்ந்த இடத்தில் போடாதீர்கள். மிதவை நிழலில் தாழை செத்துப்போகும், அது ஆவுளியாவின் சாப்பாடு. ஓடை வந்து விழும் வாய்க்கும் பக்கத்தில் வேண்டாம், ஒரு மழைக்கு நல்ல தண்ணீர் புகுந்தால் பாசி வெளுத்துவிடும்.

பிறகு மனுஷர்கள். அந்த இடத்தில் யார் கரைவலை இழுக்கிறார்கள், யார் நண்டு வலை விடுகிறார்கள், வள்ளம் எந்த வழியாகப் போகிறது என்று விடியற்காலையில் மூன்று நாள் கரையில் உட்கார்ந்து பாருங்கள். கடலுக்குப் பட்டா கிடையாது. ஊர் சம்மதம்தான் உங்கள் வேலி. ஊர்க் கூட்டத்தில் கேட்டு, எந்தக் கம்பத்திலிருந்து எந்தப் பாறை வரை என்று ஊர் நோட்டில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் தலைவர் மாறும்போது இடமும் மாறும். விசைப்படகு கரையை ஒட்டி மீன்பிடிக்க வரக் கூடாது என்பது சட்டம். வராது என்று நம்பி வெளியே தள்ளிப் போடாதீர்கள்.

2. ஆள் சேர்ப்பது

ஒருவர் 45 மிதவை பார்க்கலாம். பாசி 45 நாளில் அறுவடைக்கு வரும். தினம் ஒரு மிதவை அறுத்து, அன்றே திரும்பக் கட்டினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். தனியாகச் செய்யவும் முடியும், ஆனால் நங்கூரம் போடவும் காற்றில் மிதவை இழுக்கவும் துணை வேண்டும். ஐந்து பேர் சரியான எண்ணிக்கை. பத்துப் பேர் சேர்ந்தால் பாதி நேரம் பஞ்சாயத்தில் போகும்.

எங்கள் ஏற்பாடு: மிதவை ஆளாளுக்குத் தனி, நங்கூரம், தார்ப்பாய், தராசு, படகுக் கூலி பொது. வருமானத்தையும் பொதுவாக வைத்த முதல் வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளாமலே இருந்த நாட்கள் உண்டு. விடிகாலை 5 மணிக்கு வருகிறவளும் 9 மணிக்கு வருகிறவளும் ஒரே பணம் வாங்கினால் எந்தக் குழுவும் நிலைக்காது.

3. காகிதங்கள்

மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், மீனவர் அடையாள அட்டை, பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் சாதிச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ, குழுவாகப் போனால் தீர்மான நகல். எல்லாவற்றிலும் நாலு செட் எடுத்துக் கோப்பில் வையுங்கள். மண்டபத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கும் பக்கமே கரண்ட் போகும்.

பொறி இங்கே இருக்கிறது. எங்களில் ஒருத்திக்கு ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் வீட்டுக்காரர் இனிஷியல். அந்த ஒரு எழுத்துக்காக ஐந்து பேருடைய மனுவும் ஏழு வாரம் தள்ளிப்போனது. விண்ணப்பிக்கும் முன்பே எல்லாருடைய காகிதத்தையும் தரையில் பரப்பி, பெயரை எழுத்துக்கூட்டி ஒத்துப் பாருங்கள். அடுத்தது, ஆதாரோடு எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். மானியம் நேரே அந்தக் கணக்குக்குத்தான் போகும். நூறு நாள் வேலைக்காக எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் பணம் விழுந்து கிடந்த கதை எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

மானியம் என்றால் பெரும்பாலும் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம். 2025-26 வரை நீட்டித்திருந்தார்கள். நீங்கள் போகும் நேரத்தில் எந்தத் திட்டம் ஓடுகிறது என்று ராமநாதபுரத்தில் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்தில் ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய் என்று கணக்கு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் மானியம். மிதவைக்குப் பதில் ஒற்றைக் கயிற்றிலோ குழாய் வலையிலோ வளர்த்தால் ஒரு அலகு 8,000 ரூபாய்.

உத்தரவு கைக்கு வரும் முன் ஒரு மூங்கில்கூட வாங்காதீர்கள். உத்தரவு வந்த பிறகு வாங்கி, ஜிஎஸ்டி எண் போட்ட பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வெள்ளைத்தாள் பில் செல்லாது. கடலில் மிதவை மிதக்கும் போட்டோவில் நீங்களும் நிற்க வேண்டும்.

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை 2023-இல் திருத்தியபோது கடல்பாசி வளர்ப்பையும் உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் அளவுக்கு என்ன பதிவு தேவை என்பதையும் அதே அலுவலகத்தில், அதே நாளில் கேட்டுவிடுங்கள். இன்னொரு பஸ் செலவு மிச்சம்.

4. வாங்குகிறவரை முதலில் பிடியுங்கள்

எல்லாரும் இதைக் கடைசியில் செய்கிறார்கள். காய்ந்த பாசியை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு விலை பேசினால், பேசுவது அவர்களாகத்தான் இருக்கும். விதை வாங்கும் முன்பே கொள்முதல் ஒப்பந்தம் எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை: கிலோ விலை, எத்தனை மாதத்துக்கு அந்த விலை, ஈரம் எத்தனை சதவீதம் வரை ஏற்பார்கள், மணல் கழிவு எப்படிக் கணக்கிடுவார்கள், எத்தனை நாளில் பணம், மூட்டை ஏற்றுக்கூலி யாருடையது. ஈரப்பாசியை நேரே வாங்கிச் சாறு பிழிகிறவர்களும் உண்டு. அப்படியென்றால் காயவைக்கும் வேலை மிச்சம், விலை குறைவு.

சிலர் விதையையும் கயிற்றையும் கடனாகக் கொடுத்து, "எங்ககிட்டதான் போடணும்" என்பார்கள். கையில் காசு இல்லாதவர்களுக்கு அது உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடன் எந்தத் தேதியில் கழியும் என்று எழுதாமல் கை நாட்டு வைக்காதீர்கள். நாங்கள் முதல் வருஷம் ஒரு வியாபாரியிடம் அப்படி மாட்டி, மூட்டைக்கு 3 கிலோ 'கழிவு' என்று அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு இருந்தோம். பிறகு சொந்தமாக எலக்ட்ரானிக் தராசு வாங்கினோம். அந்த மாதமே கழிவு 1 கிலோ ஆனது. பாசியின் தரம் மாறவில்லை.

5. கைக்காசு எவ்வளவு வேண்டும்

45 மிதவை, 1,500 வீதம் 67,500 ரூபாய். 60 சதவீத மானியம் 40,500. உங்கள் பங்கு 27,000. காகிதத்தில் இப்படி. நடைமுறையில் முழுப் பணத்தையும் முதலில் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும், மானியம் பின்னால் வரும். எங்களுக்குப் போட்டோ எடுத்துப்போனதிலிருந்து ஐந்து மாதம் ஆனது. அதோடு மூங்கில் விலை திட்டத்தில் சொன்னபடி நிற்காது.

நகையை வைக்காதீர்கள். மகளிர் குழுக் கடன் இருந்தால் அதைப் பாருங்கள். மீன் வளர்ப்பவர்களுக்கும் 2018-19 முதல் கிசான் கடன் அட்டை உண்டு, 2 லட்சம் வரை வட்டி 7 சதவீதம், நாள் தவறாமல் கட்டினால் 4. வங்கியில் "பாசிக்கு கிடையாது" என்று முதல் ஆள் சொன்னால் எழுந்து வராமல் மேலாளரைப் பாருங்கள்.

45 மிதவையையும் ஒரே நேரத்தில் இறக்க வேண்டிய அவசியமில்லை. இது எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயம். ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை, நல்ல பருவத்தில் 220 கிலோ வரை திரும்பக் கிடைக்கும். அதாவது ஒரு மிதவை 45 நாளில் மூன்று மிதவைக்கு மேல் விதை தரும். 4 மிதவையில் தொடங்குங்கள். 45-ஆம் நாள் 14 ஆகும், 90-ஆம் நாள் 45-ஐத் தாண்டும். விதைக்குக் கொடுக்கும் பணம் பத்தில் ஒரு பங்காகக் குறையும், இடையில் நீங்கள் தொழிலும் கற்றுக்கொள்வீர்கள். விற்க ஒன்றும் இருக்காது, அந்த மூன்று மாதம் வீட்டுச் செலவுக்கு வேறு வழி வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை மிதவைக்கு உத்தரவு வாங்குவது என்பதை அதற்குத் தக்கபடி பேசிக்கொள்ளுங்கள்.

6. மிதவை கட்டுவது

12 அடி மூங்கில் நாலு, சதுரமாக. மூலைக்கு ஒன்றாக 4 அடித் துண்டு நாலு, குறுக்கே. பச்சை மூங்கில் வேண்டாம், வெடிப்பு விட்டதும் வேண்டாம். வெடிப்பில் தண்ணீர் ஏறினால் மிதவை ஒரு பக்கம் சாயும். 3 மில்லிமீட்டர் கயிறு 20, இடைவெளி விட்டு. ஒவ்வொரு கயிற்றிலும் 20 முடிச்சு. அடியில் பழைய மீன்வலையை விரித்துக் கட்ட வேண்டும், உடைந்து விழும் பாசியைப் பிடிக்கவும் ஓரா மீன் கடிக்காமல் இருக்கவும். வலையில் சிக்கனம் பிடித்தால் ஓரா ஒரு வாரத்தில் பாதி மிதவையை மேய்ந்துவிடும். காலையில் போய்ப் பார்த்தால் நுனி எல்லாம் கத்தரித்த மாதிரி இருக்கும்.

10 மிதவையை வரிசையாகப் பிணைத்து, இரண்டு முனையிலும் நங்கூரம். பிணைக்கும் கயிற்றில் காசு பார்க்காதீர்கள். எங்கள் 38 மிதவை போனது முனைக் கயிறு அறுந்துதான்.

7. விதை

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. பயிற்சி எப்போது என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள், நல்ல விதை யாரிடம் இருக்கிறது என்பதும் அங்கே தெரியும்.

வாங்கும்போது கையில் ஒடித்துப் பாருங்கள். நல்ல விதை வெண்டைக்காய் நுனிபோலப் பட்டென்று ஒடியும், வழவழப்பாக இருக்கும். வளைந்து கொடுத்தால் அது கிழடு. வெள்ளைப் புள்ளி, பூனை முடிபோல மேலே படர்ந்த வேறு பாசி, இரண்டில் எது இருந்தாலும் வேண்டாம். விடியலில் எடுத்து, கடல்தண்ணீரில் நனைத்த சாக்கில் சுற்றி, வெயில் ஏறுவதற்குள் கட்டி முடித்து இறக்கிவிட வேண்டும். ஒரு துண்டு 150 கிராம். 20 கயிறு, 20 முடிச்சு, 400 துண்டு, 60 கிலோ. முதல் நாள் இதைக் கட்ட நாலு பேருக்கு அரை நாள் ஆகும். நகத்துக்குள் உப்பு ஏறி எரியும், கையுறை போட்டால் முடிச்சு விழாது. ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

8. அந்த 45 நாள்

தினம் ஒரு தடவை போய்க் கயிற்றை உலுக்கி, படிந்த சேற்றை விடுங்கள். வேறு பாசி ஏறினால் கையால் எடுங்கள். இதைத் தவிர வேலை இல்லை, ஆனால் ஒரு நாள் விடக் கூடாது.

பயப்பட வேண்டியது சித்திரை வெயிலுக்கு. கடல் சூடானால் கிளை வெள்ளையாகி, பிறகு கையோடு உதிரும். இதற்கு மருந்து கிடையாது. வெளுத்த பகுதியை நறுக்கிக் கரைக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மிச்சத்தைச் சீக்கிரம் அறுத்துவிடுவதுதான் வழி. 2013-க்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் அப்படி அழிந்து, பழையவர்கள் பலர் தொழிலையே விட்டார்கள். ஒருவரிடம் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்.

அழுகிய துண்டைக் கடலில் வீசாதீர்கள். போகிற இடத்தில் ஒட்டி வளரும் பாசி இது.

9. அறுவடையும் காயவைப்பதும்

கணக்கைத் தெளிவாகப் பாருங்கள். 220 கிலோ வந்தால் 60 விதைக்கு. மிச்சம் 160 கிலோ ஈரப்பாசி, பத்துக்கு ஒன்று என்று 16 கிலோ காய்ந்த பாசி. கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 960. சரி. அதே மிதவை வெயில் காலத்தில் 120 கிலோதான் தருகிறது என்று வையுங்கள். விதை அப்போதும் 60தான். மிச்சம் 60, காய்ந்தால் 6 கிலோ, 360 ரூபாய். விளைச்சல் ஏறக்குறைய பாதியானால் வருமானம் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறது. "மாசம் இவ்வளவு வரும்" என்று பயிற்சியில் சொல்லும் தொகையை வைத்துச் சீட்டுப் போடாதீர்கள்.

காயவைக்க மணலில் கொட்டக் கூடாது. நாலு கம்பு நட்டு, முழங்கால் உயரத்தில் வலை விரித்து அதன் மேல் பரப்புங்கள். காற்று அடியிலும் போகும், மணலும் ஒட்டாது. இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் போதும். இடையில் மழைத் தூறல் பட்டால் நிறம் போய்ப் பிசுபிசுக்கும், அந்த மூட்டைக்கு விலை போகாது. தார்ப்பாய் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

10. மேற்கொண்டு செய்ய நினைத்தால்

சாறு பிழிந்து பாட்டிலில் அடைத்து விவசாயிகளுக்கு விற்கலாம் என்று எல்லாருக்கும் ஆசை வரும். 2021 முதல் அந்த மாதிரிச் சாறுகள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. பதிவில்லாமல் லேபிள் ஒட்டி விற்றால் சிக்கல்.

மீன் கூண்டைச் சுற்றிப் பாசி மிதவை போடும் முறையை மண்டபத்து ஆராய்ச்சியாளர்கள் முனைக்காடு பக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். கூண்டில் கடல் விரால். அது கழிக்கும் சத்தை எடுத்துப் பாசி கூடுதலாக வளர்கிறது, கடலும் சுத்தமாகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூண்டுக்கும் குஞ்சுக்கும் தீவனத்துக்கும் ஆகும் பணம் வேறு அளவு. இரண்டு வருஷம் பாசி மட்டும் செய்த பிறகு யோசியுங்கள்.

11. எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது

பொங்கல் கழிந்து வாடை அடங்கியதும் விதையை இறக்குங்கள். தை, மாசி, பங்குனிதான் நல்ல வளர்ச்சி. சித்திரை, வைகாசியில் கொஞ்சம் ஏமாற்றும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், அந்த 61 நாளில் மிதவைக்குப் படகுத் தொல்லை குறைவு. வீட்டு ஆண்களும் கரையில் இருப்பதால் உதவிக்கு ஆள் கிடைக்கும். ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தாலும் வடகடல் ஓரளவு அமைதியாகவே இருக்கும்.

பின்னாலிருந்து கணக்குப் போட்டால், தையில் தொடங்க வேண்டும் என்றால் மூங்கில் மார்கழியில் கரையில் இருக்க வேண்டும். அதற்கு உத்தரவு கார்த்திகையில் கையில் வேண்டும். மனு ஆடி, ஆவணியிலேயே போயிருக்க வேண்டும். பெயர் திருத்தம், வங்கி வேலை எல்லாம் அதற்கும் முன்னால்.

புரட்டாசி முடிவதற்குள் மிதவைகளைக் கரையேற்றிவிடுங்கள். "இன்னும் ஒரு அறுவடை பார்த்துடலாம்" என்று எல்லாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. 2018 கஜா புயல் வந்தது நவம்பரில். கயிறுகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள், மூங்கிலைக் கல்மேல் தூக்கி அடுக்குங்கள். தை மாதம் விதைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் அலைவார்கள், விலையும் ஏறும். அதனால் காற்று மறைப்பான இடத்தில் ஐந்தாறு மிதவையை மட்டும் இரட்டை நங்கூரத்தில் விட்டு, முறை வைத்துத் தினம் பாருங்கள். போன வாடையில் எங்கள் முறைப் பட்டியல் சங்கக் கட்டடத்துக் கதவில் ஒட்டியிருந்தது. ஆறில் நாலு மிதவை தப்பியது, 4-இல் தொடங்க அது போதுமானதாக இருந்தது.